48 வீட்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்: என் காருக்கு சார்ஜர் வைக்க முடியுமா?

மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வெளியிட வேண்டாம் என்கிறார். நீண்ட கடிதம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங், அங்கேயே மீட்டர் அறை. இவருக்கு நான்காம் மாடி, மூன்று ஃபேஸ் இணைப்பு, 10 கிலோவாட் அனுமதி. பேட்டரி அளவு 45 யூனிட் உள்ள மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். கிண்டி அலுவலகத்துக்குப் போய்வர தினமும் 40 கிலோமீட்டர். ஆரம்பத்தில் வாட்ச்மேன் அறையை ஒட்டிய 15 ஆம்ப் பிளக்கில் இரவில் சார்ஜ் போட்டிருக்கிறார். ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த பிளக் பாயின்ட் உருகிக் கருகியிருந்தது. சங்கம் அந்த லைனைத் துண்டித்துவிட்டது. காரோடு வந்த 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.

சங்கத் தலைவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இன்னைக்கு உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு 48 பேரும் கேப்பாங்க. வாசல்ல நிக்கறது 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். தாங்காதும்மா" என்கிறாராம். வாசகியின் கேள்விகள் இவை: மத்திய அரசே அனுமதித்ததை இவர் எப்படித் தடுக்கலாம்? எனக்கு 10 கிலோவாட் அனுமதி இருக்கும்போது 7.2 அதற்குள்தானே அடங்குகிறது? பால்கனியிலிருந்து வயர் இறக்கிக்கொண்டால் என்ன? சார்ஜர் போட்டால் வீட்டு இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்கிறார்களே? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி. பார்க்கிங்கில் வேறொரு சாக்கெட்டில் கையடக்க சார்ஜரைச் செருகினால் எர்த் சரியில்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறதாம். எலக்ட்ரீசியன் சாக்கெட்டுக்குள் ஒரு சின்ன லூப் போட்டு சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

பின்குறிப்புக்குத்தான் முதல் பதில். மற்றதெல்லாம் பணமும் மனஸ்தாபமும், இது உயிர்.

அந்த லூப்பைப் போடவே கூடாது. அவர் செய்யப்போவது, சாக்கெட்டின் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது. சார்ஜர் எர்த் இருப்பதாக நம்பி பச்சை விளக்கு காட்டும். பிறகு என்றைக்காவது மீட்டர் பேனலில் நியூட்ரல் வயர் லூசானால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்த லூப் வழியாக எர்த் பின்னுக்கு வரும். எர்த் பின் காரின் உடம்போடு இணைந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுபவருக்கு 230 வோல்ட் கிடைக்கும். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் லூப் போட்டதுமே அடிக்கடி ட்ரிப் ஆகும். அடுத்த வேலையாக ஆர்.சி.சி.பி.யையும் கழற்றிவிடுவார்கள். சார்ஜர் சிவப்பு காட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டு, எர்த்தைச் சரிசெய்யுங்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

தலைவர் சொல்வதில் பாதி உண்மை

அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவருடைய கணக்கு அடிப்படையில் சரி, முடிவுதான் அவசரம்.

48 வீட்டுக்கும் தலா 10 கிலோவாட் அனுமதி என்றால் மொத்தம் 480 கிலோவாட். வாசலில் இருக்கும் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தரக்கூடியது சுமார் 225 கிலோவாட். இவ்வளவு நாள் அது எப்படித் தாங்கியது? எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை என்ற ஒரே நம்பிக்கையில்தான். ஒரு வீட்டில் கீசர் ஓடும்போது அடுத்த வீட்டில் அணைந்திருக்கும். ஏ.சி.கூட அறை குளிர்ந்ததும் மூச்சு விடும். அதனால் மே மாத இரவில்கூட வீட்டுக்குச் சராசரி 3 கிலோவாட் என்று வைத்தால் போதும். 48 வீட்டுக்கு 144.

கார் சார்ஜருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. 7.2 கிலோவாட் என்றால் போட்ட நிமிடத்திலிருந்து பேட்டரி நிறையும்வரை சீராக 7.2. அதுவும் அலுவலகத்திலிருந்து வந்ததும் எல்லோரும் செருகுவார்கள். 48 கார்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் 345 கிலோவாட். வீடுகளின் தேவையைச் சேர்க்காமலேயே டிரான்ஸ்பார்மரின் அளவை மீறிவிடும். 11 கார்கள் போதும், மே மாத இரவில் 225-இல் 144 போக மிச்சமிருக்கும் 81 கிலோவாட்டை ஏறக்குறைய முழுதும் விழுங்க.

ஆக, "10 கிலோவாட் என்னுடையது" என்பது முழு உண்மை இல்லை. அது உங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு. அந்த அளவு மின்சாரத்தை உங்களுக்கென்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்கத் தவறியிருக்கிறீர்கள். உங்கள் 10 கிலோவாட் மூன்று ஃபேஸுக்குப் பிரிந்தது. ஒரு ஃபேஸுக்கு 3.3, அதாவது சுமார் 15 ஆம்பியர். உங்கள் சார்ஜர் ஒற்றை ஃபேஸ் வகை. 7.2 கிலோவாட்டையும் ஒரே ஃபேஸில், 32 ஆம்பியராக இழுக்கும். அதே ஃபேஸில் படுக்கையறை ஏ.சி. 7 ஆம்பியரும் கீசர் 9 ஆம்பியரும் சேர்ந்தால் 48. 40 ஆம்ப் மெயின் விழுந்துவிடும். மொத்தக் கணக்கில் 7.2 பத்துக்குள் அடங்கினாலும் ஃபேஸ் கணக்கில் அடங்கவில்லை.

டிரான்ஸ்பார்மரிலும் இதே கதைதான், பெரிய அளவில். 250 கே.வி.ஏ.வின் முழுச்சுமை ஒரு ஃபேஸுக்கு 333 ஆம்பியர். உதாரணத்துக்கு மே மாதம் இரவு 10.30 மணிக்கு ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில், ஆர் ஃபேஸில் 260 ஆம்பியர், ஒய்யில் 190, பி-யில் 225 ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கைக்கு எட்டிய வயர் என்று எலக்ட்ரீசியன் தலா 32 ஆம்பியர் இழுக்கும் ஐந்து கார்களை ஆர் ஃபேஸிலேயே கட்டிவிட்டால் 420. மற்ற இரண்டு ஃபேஸும் காற்று வாங்க, ஒன்று மட்டும் வேகும். முதலில் அந்த ஃபேஸின் ஃபியூஸ் போகும். "எங்க வீட்ல மட்டும் கரண்ட் இல்ல, எதிர் வீட்ல இருக்கு" என்று இரவு 11 மணிக்குக் கேட்கும் குரல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஃபியூஸ் போகாமல் தொடர்ந்து சூடேறினால் அது இன்னும் மோசம். காயிலைச் சுற்றிய காப்புத்தாளின் ஆயுள், வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி கூடும்போதெல்லாம் பாதியாகும். பகலில் சூடான டிரான்ஸ்பார்மர் ஆறுவது இரவில்தான்; அந்த இரவையும் கார்கள் பிடுங்கிக்கொண்டால் ஆற நேரமில்லை.

மாநில அளவிலும் நிலைமை இதுபோலத்தான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த நாளின் கவலை, அந்த ஒரு நேரத்தில் எவ்வளவு வேண்டும் என்பதுதான்; ஆண்டு முழுக்க எத்தனை யூனிட் என்பது வேறு கணக்கு.

ஆனால் உங்களுக்குத் தேவை தினம் 7 யூனிட்தான்

தலைவர் கணக்கில் விடுபட்ட பாதி இது. சென்னை நெரிசலில் ஏ.சி.யோடு ஓட்டினால் இந்த அளவு கார் ஒரு யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் தரும் என்று வைப்போம். 40 கிலோமீட்டருக்கு 6.2 யூனிட். சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பு 12 சதவீதம் சேர்த்தால் சுவரிலிருந்து 7 யூனிட். சார்ஜரை 13 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தால், அதாவது 3 கிலோவாட்டில், 2 மணி 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. இரவு முழுக்கக் கார் சும்மாதான் நிற்கிறது. அதற்கு ஏன் 7.2? காலி பேட்டரியை ஒரே இரவில் நிரப்ப வேண்டிய நாள் மாதத்தில் ஒன்றோ இரண்டோ வரும்.

48 வீட்டிலும் கார் வந்து, எல்லாருமே உங்கள் அளவு ஓட்டினாலும் நாளுக்கு 336 யூனிட். அந்த டிரான்ஸ்பார்மர் 24 மணி நேரத்தில் தரக்கூடியது 5,400. பதினாறில் ஒரு பங்குதான். காலை 7 மணிக்கு எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் மேல்மாடியில் தண்ணீர் வராது. அதற்காக சம்ப்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமா?

81 கிலோவாட் மிச்சத்தில் பாதுகாப்புக்காகப் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டு, கார்களுக்கு 30 கிலோவாட் மட்டும் என்று சங்கம் முடிவெடுக்கட்டும். ஒரே நேரத்தில் 10 கார்கள், தலா 3 கிலோவாட். இரவு 11 முதல் காலை 6 வரை மூன்று அணியாகப் பிரித்தால் 30 கார்கள், டிரான்ஸ்பார்மரைத் தொடாமலே. 48 பேரும் கார் வாங்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பெரிய டிரான்ஸ்பார்மருக்கு முறைப்படி விண்ணப்பிக்க நேரமிருக்கிறது. மெயின் கேபிளில் அளவுமானி பொருத்தி, மிச்சமிருக்கும் திறனை கார்களுக்குத் தானாகவே பங்கிடும் சார்ஜர்கள் சந்தையில் உண்டு. நல்லவைதான், ஆனால் ஸ்டில்ட்டில் வைஃபை சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதல் பத்து கார்வரை காரிலேயே நேரம் குறித்துவைக்கும் வசதி போதும்.

நேரம் குறிப்பதில் ஒரு சிக்கல். எல்லோரும் சரியாக 12.00 என்று வைத்தால் 12 மணிக்கு ஒரு குட்டி உச்சம் உருவாகும். 11.50, 12.10, 12.25 என்று சிதறி வையுங்கள். கரண்ட் போய்த் திரும்பும் நேரம் இதைவிட ஆபத்தானது. சூடேறிய வீடுகளின் ஏ.சி. எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், கார்களும் கிளம்பும், திரும்பி வந்த கரண்ட் ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். மின்சாரம் திரும்பிய பின் சில நிமிடம் தாமதித்துத் தொடங்கும் அமைப்பு உங்கள் சார்ஜரில் இருந்தால் அதை இயக்கிவையுங்கள்.

வயர் நான்காம் மாடியிலிருந்து வர வேண்டியதில்லை

உங்கள் வீட்டு மீட்டர் தரைத்தளத்திலேயே இருக்கிறது. மீட்டருக்கு அடுத்து, வீட்டுக்குப் போகும் லைன் தொடங்கும் இடத்தில் ஒரு தனிக் கிளை எடுத்தால் போதும். பால்கனி வயர் யோசனையை இதோடு விட்டுவிடுங்கள். மின்சாரக் காருக்கு எக்ஸ்டென்ஷன் வயர் பயன்படுத்தக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. அது போக, நான்கு மாடி உயரம் வெயிலில் தொங்கும் வயரின் மேலுறை வெடித்துவிடும். சுவர் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும்.

அந்த 15 ஆம்ப் பிளக் ஏன் உருகியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண பவர் பிளக் கீசருக்காகச் செய்தது; கால் மணி, அரை மணி ஓடி நிற்கும். பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு கொஞ்சம் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே, 13 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு. சிறிய சால்டரிங் அயர்னுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் எட்டு மணி நேரம். 13 ஆம்பியர் ஓடும்போது எம்.சி.பி. (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது, அதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

மீட்டர் அறையிலிருந்து உங்கள் பார்க்கிங் 45 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நீளத்துக்கு, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுக்க வேண்டிய விவரம் இது:

• கேபிள்: இப்போது 16 ஆம்பியருக்குள் ஓட்டினாலும் 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு கேபிளே போடச் சொல்லுங்கள். 32 ஆம்பியரில் அதில் விழும் வோல்டேஜ் 9; தாங்கலாம். 10 ஸ்கொயர் என்றால் 5.3 மட்டுமே. 4 ஸ்கொயரில் 13 வோல்ட் விழும்; மே மாதம் 205 வோல்ட்டே வரும் இரவில் சார்ஜர் தடுமாறும். 2.5 ஸ்கொயர் பேச்சே வேண்டாம்.

• எம்.சி.பி.: 32 ஆம்ப் சார்ஜருக்கு 40 ஆம்ப், சி வகை. மூடிய பெட்டியில், சென்னைச் சூட்டில், 32 ஆம்ப் எம்.சி.பி. இரண்டு மணி நேரத்தில் காரணமில்லாமல் விழும். சாக்கெட் மட்டும் வைப்பதானால் 20 ஆம்ப்.

• ஆர்.சி.சி.பி.: 30 மில்லி ஆம்ப், ஏ வகை. கடையில் கேட்டால் ஏ.சி. (மாறுமின்னோட்ட) வகையைத்தான் எடுத்துத் தருவார்கள், விலை குறைவு. காரின் மின்கசிவில் கலந்துவரும் நேர்மின்னோட்டத்தை (டி.சி.) அது கவனிக்காமல் விடக்கூடும். கார் லைனுக்கு மட்டும் தனியாக ஒன்று. வீட்டு லைனோடு பகிரக் கூடாது.

• சாக்கெட்: கையடக்க சார்ஜர் செருக நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், மூடியோடு. தரையிலிருந்து குறைந்தது 800 மி.மீ. உயரம் என்பது விதி. மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் அது போதாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் உங்கள் தூணில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி.

• ஃபேஸ்: உங்கள் வீட்டில் சுமை குறைந்த ஃபேஸ் எது என்று அளந்து அதில் கட்டுங்கள். அடுத்து வருபவர் வேறு ஃபேஸில் கட்ட வசதியாக, எந்தக் கார் எந்த ஃபேஸ் என்று மீட்டர் அறையில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

எர்த்துக்குத் தனிக் குழி. செம்பு பூசிய கம்பியோ ஜி.ஐ. பைப்போ, சுற்றி ஈரம் காக்கும் கலவை. எர்த் மெக்கர் என்ற தடை அளக்கும் கருவியில் 5 ஓமுக்குள் வர வேண்டும். அந்த அளவீட்டை மே மாதம் எடுங்கள். டிசம்பரில் சென்னை மண்ணில் ஆணி அடித்தாலும் நல்ல எர்த் காட்டும்.

ஜெனரேட்டர் விஷயத்தில் கவனம். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் அளவெடுத்து வாங்கிய ஜெனரேட்டரில் கார் சார்ஜ் ஏறக் கூடாது. உங்கள் கிளை ஈ.பி. மட்டும் வரும் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். பல குடியிருப்புகளில், ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சுக்குப் பின்னால்தான் மீட்டர் இருக்கும். அப்படியானால் ஜெனரேட்டர் ஓடும்போது கார் லைனைத் துண்டிக்கும் ஒரு கான்டாக்டர் போட்டே ஆக வேண்டும்.

வணிகக் கட்டணம் என்ற பயம்

சொந்தக் காரைச் சொந்த வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்வது வீட்டு உபயோகம்தான். மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் 2024 செப்டம்பரில் வந்த புதிய வடிவமும் இருக்கும் வீட்டு இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது வேறு கதை. வாட்ச்மேன் அறைப் பிளக்கும் வேறு கதை: பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்கான இணைப்புக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதன் ரசீதை 48 வீடும் சேர்ந்து கட்டுகிறது. அங்கே சங்கம் கோபப்பட்டது நியாயம்.

ரசீது எவ்வளவு ஏறும்? கார் வருவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் என்கிறீர்கள். 2024 ஜூலை விகிதப்படி அது ரூ.2,256. வார இறுதியும் சேர்த்து இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர் ஓட்டினால் காருக்கு 420 யூனிட்; மொத்தம் 940. இப்போது 601 முதல் 800 வரை ரூ.9.65, 801 முதல் 1,000 வரை ரூ.10.70 என்ற படிகளில் ஏறிவிடுகிறீர்கள். ரசீது ரூ.6,368. காருக்கு மட்டும் ரூ.4,112, அதாவது கிலோமீட்டருக்கு ரூ.1.71. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் அதே தூரத்துக்கு 160 லிட்டர், சுமார் ரூ.16,000. கோடையில் வீட்டு உபயோகமே 700 தொட்டால் கடைசி யூனிட்டுகள் ரூ.11.80-இல் விழும், அப்போதும் நஷ்டமில்லை. இரவில் மலிவு என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்படி நேர வாரிச் சலுகை இல்லை. நள்ளிரவில் போடச் சொல்வது டிரான்ஸ்பார்மருக்காக, உங்கள் பர்ஸுக்காக இல்லை.

காருக்கென்று தனி இணைப்பு கேட்கவும் உரிமை உண்டு. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் அதைச் சொல்கின்றன. அதில் வீட்டு ரசீதின் மேல்படிகளுக்குள் போகாமல் தப்பிக்கலாம். ஆனால் மீட்டர் பேனலில் புது மீட்டருக்கு இடம் வேண்டும், வேறு கட்டணப் பிரிவு வரும். செக்‌ஷன் ஆபீஸில் மூன்றைக் கேளுங்கள்: யூனிட் விலை நேர வாரியாக எவ்வளவு, மாதா மாதம் நிலைக்கட்டணம் எவ்வளவு, இணைப்புக்கு ஒருமுறைச் செலவு எவ்வளவு. உங்களுக்கு மாதம் 210 யூனிட் என்று வைத்து, மேலே சொன்ன சராசரி ரூ.9.79-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். என் கணிப்பில், ஒரே கார் உள்ள வீட்டுக்கு இந்த மெனக்கெடல் தேவைப்படாது.

10 கிலோவாட் அனுமதியை உயர்த்த வேண்டுமா? சார்ஜரை 16 ஆம்பியரில் பூட்டிவைத்தால் வேண்டாம். பெரும்பாலான சுவர் சார்ஜர்களில் உள்ளே ஒரு சின்ன சுவிட்சோ ஆப்பில் ஓர் அமைப்போ இருக்கும், ஒப்பந்ததாரரையே செய்யச் சொல்லுங்கள். 32 ஆம்பியர் வேண்டுமென்றால் கூடுதல் மின்சுமைக்கு மின் பகிர்மானக் கழக இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணம் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் சுமை உயர்வால் மட்டும் ரசீது ஏறாது. வைப்புத்தொகையும் வளர்ச்சிக் கட்டணமும் ஒருமுறை கட்ட வேண்டியிருக்கும்.

வக்கீல் நோட்டீஸ்

இப்போது வேண்டாம். மேலே சொன்ன மத்திய வழிகாட்டுதலும் விதிகளும் மின் பகிர்மானக் கழகத்துக்குக் கடமை விதிப்பவை. உங்கள் கேபிள் ஓடப்போகும் 45 மீட்டர் கூரையும் தூண்களும் எல்லாருக்கும் பிரிக்கப்படாத பங்குள்ள பொது இடம். அதை நிர்வகிப்பது தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன்கீழ் சங்கம். கேபிள் எந்த வழியாகப் போகலாம், யார் செய்யலாம், என்ன பாதுகாப்பு வேண்டும் என்று நிபந்தனை விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. காரணமே சொல்லாமல் "முடியாது" என்பதுதான் நிற்காது. கழகம் தாமதித்தால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் என்று வழி இருக்கிறது. சங்கத்தோடு வழக்கு என்றால் சிவில் நீதிமன்றம். அது முடிவதற்குள் பேட்டரி உத்தரவாதம் முடிந்துவிடலாம்.

பொதுக்குழுவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். என் மீட்டரிலிருந்து, என் செலவில், 16 ஆம்பியருக்கு மேல் போகாமல், இரவு 11-க்குப் பிறகு மட்டும், கேபிள் வழி இந்த வரைபடப்படி, வேலை முடிந்ததும் எர்த், காப்பு (இன்சுலேஷன்) அளவீட்டுச் சான்று தருகிறேன் என்று அதில் இருக்கட்டும். "எனக்கு அனுமதி" என்று கேட்காதீர்கள். "யார் கேட்டாலும் இந்த நிபந்தனைகளோடு அனுமதி, கார்களுக்கான மொத்த வரம்பு 30 கிலோவாட்" என்ற தீர்மானம் கேளுங்கள். 48 பேரும் கேட்பார்களே என்ற தலைவரின் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

30 என்பது நான் காகிதத்தில் போட்ட எண். உங்கள் கட்டடத்துக்கு 20-ஆகவும் இருக்கலாம், 50-ஆகவும் இருக்கலாம். டிரான்ஸ்பார்மருக்கு முன்பே மெயின் கேபிளோ, மீட்டர்களுக்கு மின்சாரத்தைப் பிரிக்கும் பஸ்பார் தகடோ வரம்பைத் தொட்டுவிடலாம். அதே டிரான்ஸ்பார்மரில் பக்கத்துத் தெருவும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதை அளந்துதான் சொல்ல முடியும். கூட்டத்துக்கு முன் ஒரு வாரம், இரவு 9, 10.30, 12 மணிக்கு, மெயின் சுவிட்சில் மூன்று ஃபேஸையும் டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) அளந்து தாளில் எழுத வேண்டும். மே, ஜூனில் எடுத்தால்தான் அர்த்தம். அந்த வேலையைத் தலைவரிடமே ஒப்படையுங்கள். உங்கள் குடியிருப்பில் அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான். டிரான்ஸ்பார்மரில் தெருவுக்குப் போகும் சுமையை செக்‌ஷன் ஏ.ஈ.யிடம் (உதவிப் பொறியாளர்) கேட்டு வாங்கவும் அவருக்குத்தான் பழக்கம் இருக்கும்.

அதுவரை: 45 யூனிட் பேட்டரி முழுதாக இருந்தால் 290 கிலோமீட்டர் வரும், ஐந்து வேலைநாளுக்கு உங்களுக்கு வேண்டியது 200. வாரம் ஒருமுறை பொது வேக சார்ஜரில் 80 சதவீதம் வரையும், இடையில் அலுவலகத்தில் வசதி இருந்தால் ஓரிரு முறையும் போட்டால் ஓட்டிவிடலாம். வேக சார்ஜரில் யூனிட்டுக்கு வீட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். புயல் எச்சரிக்கை வந்த அன்று மட்டும் வாரக் கணக்குப் பார்க்காமல் முழுதாக நிரப்பி, காரை மேட்டில் நிறுத்திவிடுங்கள். வெள்ளம் வடிந்ததும் சார்ஜ் லைனை உடனே போடாதீர்கள். கேபிளின் காப்பை மெக்கரில் சோதித்த பிறகே எம்.சி.பி.யைத் தூக்க வேண்டும்.